கதையைக் கவிதையில் சொல்வது: கதைப்பாட்டு எழுத விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நிகழ்ச்சி, அதில் சிக்கிக்கொண்ட மாந்தர், அது நடந்தேறும் காலம், அதைச் சொல்லும் ஒரு குரல் ஆகிய நான்கும் செய்யுளில் கூடிவந்தால் அது கதைக்கவிதை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் ஆன கம்பராமாயணமும் கதைக்கவிதைதான். ஐந்தே அடிகளில் ஒரு பெண்ணின் தவிப்பு முழுவதையும் சொல்லி நிறுத்திவிடும் குறுந்தொகைப் பாட்டும் கதைக்கவிதைதான். நீளத்தை வைத்து இவ்வகையை வரையறுக்க முயன்றவர்கள் எல்லாரும் பாதியில் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

புதிதாக எழுத வருவோர் பெரும்பாலும் கதையை உரைநடையில் முழுமையாக எண்ணி முடித்துவிட்டு, பிறகு அதைச் சீர் பிரித்து, எதுகை தேடி, அடிகளாக அடுக்குகிறார்கள். அவ்வாறு எழுதப்பட்டதில் ஓசை ஒரு பக்கமும் கதை ஒரு பக்கமும் நிற்கும். ஓசையை நீக்கிவிட்டாலும் கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கேட்பவர் எதை, எப்போது, எந்த வேகத்தில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதை அடியும் சீரும் ஓசையுமே முடிவுசெய்கிற நிலை வந்தால்தான் கதையைக் கவிதை சொல்கிறது எனலாம். இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்தை முன்வைத்தே அமைந்துள்ளன. படிகளை வரிசையாகக் கொடுத்திருந்தாலும், எழுதும்போது ஐந்தாம் படியிலிருந்து இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டியிருக்கும், அது இயல்பானதே.

முதல் படி: கதையில் ஒரு முனையைப் பிடித்தல்

செய்யுள் விரிவைத் தாங்கும். ஆனால் சிதறலைத் தாங்காது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கதை முழுவதிலும் எந்த ஒரு திருப்பத்துக்காக இதைப் பாடப் போகிறோம் என்று தெளிந்துகொள்வதாகும். கிரேக்கக் கவி ஓமரின் இலியத்து ட்ராய்ப் போரைப் பற்றிய காவியம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது பத்தாண்டுப் போரின் இறுதி ஆண்டில் தொடங்கி, சில வாரங்களுக்குள் நடப்பவற்றை மட்டுமே சொல்லி, ட்ராய் வீரன் எக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. கிரேக்க வீரன் அக்கிலீசின் மரணமோ, மரக்குதிரையோ, நகரின் வீழ்ச்சியோ அதில் நிகழ்வதில்லை. அக்கிலீசின் சினம் மூண்டு தணிவதுதான் அக்காவியத்தின் முனை. முதல் அடியே அதை அறிவித்துவிடுகிறது.

பாரதியின் பாஞ்சாலி சபதமும் இவ்வாறு ஒரு முனையைப் பிடித்ததே. பாரதக் கதைக்கடலிலிருந்து சூதாட்டத்தையும் அதன் விளைவான சபதத்தையும் மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924இல் அச்சேறியது. கதை எல்லாருக்கும் தெரிந்தது என்பது அவருக்கு ஒரு தடையாக இல்லை. தெரிந்த கதையில் ‘அடுத்து என்ன’ என்ற ஆவலுக்கு இடமில்லை. ‘இது எப்படி நடந்தேறப் போகிறது’ என்ற பதைப்புக்கு நிறையவே இடமுண்டு. செய்யுளுக்கு இரண்டாவதுதான் பெரிதும் உதவும்.

எனவே எழுதத் தொடங்குமுன் உங்கள் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தின் பயனிலை எதுவோ அதுவே உங்கள் முனை. இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்காட்டாக நான் கையாளப் போகும் கற்பனைக் கதை இது: வெள்ளம் பெருகிய இரவில் ஒருவனை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகோட்டி, நடு ஆற்றில், அவன் விரலில் காணாமற்போன தன் தம்பியின் மோதிரத்தைக் காண்கிறான். ‘காண்கிறான்’ என்பதே முனை. தம்பி எப்போது போனான், யாரோடு போனான், தேடியவர்கள் என்ன சொன்னார்கள் என்பவை எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எங்கே தங்குவது, எங்கே தாண்டுவது

கதைக்கவிதையின் உயிர் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது. உரைநடையில் ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குச் செல்ல இணைப்புப் பத்திகள் வேண்டும். கவிதை அவற்றைத் தாண்டிவிடலாம். அதே சமயம், உரைநடையில் சலிப்பூட்டக்கூடிய ஒரு கணத்தில் கவிதை நெடுநேரம் தங்கலாம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கவனியுங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகள், அரங்கின் அளவுகள், தலைக்கோல், மாதவியின் ஆடல் என அக்காதை நிதானமாக விரிந்துகொண்டே போகிறது. கோவலன் கண்ணகியைப் பிரிகின்ற பேரழிவோ காதையின் கடைசிச் சில அடிகளில் நடந்து முடிந்துவிடுகிறது. ஆயிரத்தெண் கழஞ்சு விலையுள்ள மாலையைக் கூனி ஒருத்தி தெருவில் விற்பவள்போல நீட்டுகிறாள்; அவன் வாங்குகிறான்; ‘விடுதல் அறியா விருப்பினன்’ ஆகித் தன் மனையை மறக்கிறான். அவன் மனப்போராட்டம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. கலையின் கவர்ச்சியை அத்தனை அடிகள் நம்மையே அனுபவிக்கச் செய்தபின், அவன் ஏன் சென்றான் என்று விளக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு இல்லாமற் போகிறது. தங்குதலே காரணத்தைச் சொல்லிவிட்டது.

தாண்டுதலுக்குக் கம்பரின் வில் முறிக்கும் பாடலைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

தடுத்திமை யாமல் இருந்தவர் தாளில்
மடுத்ததும் நாண்நுதி வைத்ததும் நோக்கார்
கடுப்பினில் யாரும் அறிந்திலர் கையால்
எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.

கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வில்லைக் காலால் மிதித்ததையும் நாணை ஏற்றியதையும் காணவில்லை. எடுத்ததைக் கண்டார்கள், முறிந்ததைக் கேட்டார்கள். நடுவே நடந்த செயல்களைக் கவி சொல்லியும் விடுகிறார், பார்வையாளரின் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறார். கடைசி அடியின் முதற்பாதி கண்ணுக்கு, பிற்பாதி செவிக்கு. இரண்டுக்கும் இடையே அசையளவு இடைவெளிகூட இல்லை. ‘மிக விரைவாக வில்லை முறித்தான்’ என்று எழுதியிருந்தால் விரைவு என்ற செய்தி நமக்குக் கிடைத்திருக்கும். இங்கே விரைவே கிடைக்கிறது.

உங்கள் கதையின் நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை அடி தரப் போகிறீர்கள் என்று குறியுங்கள். எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வந்தால் பங்கீடு இன்னும் நடக்கவில்லை என்று பொருள். சில நிகழ்ச்சிகளுக்குச் சுழியம் என்று எழுதும் துணிவு வர வேண்டும்.

மூன்றாம் படி: யார் சொல்வது

கதையைச் சொல்பவர் கதைக்கு வெளியே நிற்கலாம். உள்ளே இருக்கும் ஒருவராகவும் இருக்கலாம். காவிய ஆசிரியர்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். சங்க அகப்பாடல்களில் ஆசிரியர் குரலே கிடையாது; தலைவி, தலைவன், தோழி, செவிலி, பாணன் ஆகியோரில் யாரேனும் ஒருவர்தாம் பேசுவார். இதனைக் ‘கூற்று’ என்பர். பாத்திரம் ஒன்று தானே பேசித் தன்னையும் தன் கதையையும் வெளிப்படுத்தும் தனிமொழிக் கவிதையை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் பெரிதும் வளர்த்தார்கள். நமக்கோ அது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடல் இதன் உச்சம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவனே அதை இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு, சாட்சியை நினைவுகூர்பவள்போல, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் (நாரை போன்ற பறவை) இருந்தது என்று சேர்க்கிறாள். நடந்த கதை, நடக்கக்கூடிய கதை, அவளுடைய அச்சம் எல்லாம் வந்துவிட்டன. இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீன்மேல்தான். தலைவியே பேசுவதால்தான் இது முடிகிறது. வெளியே நிற்கும் ஒருவர் சொல்லியிருந்தால் அந்தக் குருகு வெறும் இயற்கை வருணனையாக நின்றிருக்கும்.

இன்னும் விரிவான பாடம் வேண்டுவோர் கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் வரும் ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ என்ற 51ஆம் பாடலை அடி அடியாகப் பயில வேண்டும். பதினாறு அடிகளில் முழுமையான ஒரு நாடகம் அது. தெருவில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும், சூடிய மாலையை அறுத்தும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்த பையன் ஒருநாள் ‘உண்ணுநீர் வேட்டேன்’ என்று வீட்டுக்கு வருகிறான். நீர் கொடுத்துவா என்று அன்னை தலைவியை அனுப்புகிறாள். அவன் அவளுடைய வளையணிந்த முன்கையைப் பற்றுகிறான். ‘அன்னாய், இவனொருவன் செய்ததுகாண்’ என்று இவள் அலறுகிறாள். அன்னை ஓடிவருகிறாள். அந்த ஒரு நொடியில் இவள் மனம் மாறி, ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று பொய் சொல்லிவிடுகிறாள். அன்னை அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் கொல்வான்போல் நோக்கிச் சிரிக்கிறான். ‘செய்தான் அக்கள்வன் மகன்’ என்று பாட்டு முடிகிறது.

இந்தப் பாட்டில் காதல் என்ற சொல் இல்லை. தன் மனம் ஏன் மாறியது என்று அவள் விளக்கவில்லை. அலறலுக்கும் பொய்க்கும் நடுவே அன்னை ஓடிவரும் தூரம் மட்டும்தான் இருக்கிறது, அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அதைத் தோழியிடம் சொல்கிறாள் என்பதும் முக்கியம். யாரிடம் சொல்கிறார் என்பது தெளிவானால், எதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் தானாகத் தெளிவாகும். ஆகவே குரலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பவரையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

படகோட்டியின் கதையை நான் மூன்று குரல்களில் எண்ணிப் பார்க்கலாம். அவனே சொன்னால், பின்னர் நடந்ததையும் அவன் சொல்லியாக வேண்டும். இல்லையேல் மறைக்கிறான் என்று தோன்றும். வந்தவன் சொன்னால், அவனுக்கு மோதிரத்தின் பொருள் தெரியாது. அது வேறொரு கதை, ஒருவேளை இன்னும் அச்சந்தரும் கதை. வெளியே நின்று சொன்னால், கண்டதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். முனை ‘காண்கிறான்’ என்பதால் இறுதியானதையே கொள்கிறேன்.

நான்காம் படி: பாவினத்தைத் தேர்தல்

யாப்பு கதைக்கு வேகத்தைத் தருகிறது. எனவே பழக்கத்தால் கைக்கு வரும் யாப்பை எடுத்துக்கொள்ளாமல், கதை கேட்கும் வேகத்தை முதலில் அறிந்து, அதற்கு ஏற்றதைத் தேட வேண்டும்.

ஆசிரியப்பா எனப்படும் அகவல் பெரும்பாலும் ஈரசைச் சீர்களால் ஆன நாற்சீர் அடிகளைக் கொண்டது, இத்தனை அடிதான் என்ற மேல்வரம்பு இல்லை, பேச்சோசைக்கு நெருக்கமானது. ஒரு வாக்கியம் பத்து அடிகளுக்கு ஓடினாலும் அது தாங்கும். முப்பது காதைகள் கொண்ட மணிமேகலை முழுவதும் இதில்தான் அமைந்தது. இடையறாது நகரும் கதைக்கு இதுவே பொருத்தம்.

வெண்பா இதற்கு நேர் எதிரானது. கட்டுப்பாடு மிக்க தளை (சீரும் சீரும் இணையும் முறை), மூன்று சீர்களோடு வெட்டி நிற்கும் ஈற்றடி ஆகியவற்றால் ஒவ்வொரு வெண்பாவும் தனக்குள் மூடிக்கொள்ளும். புகழேந்தி நளன் கதையை நானூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்களில் சொல்லியிருக்கிறார். அங்கே ஒவ்வொரு பாடலும் தனித்தனிக் காட்சியாக நிற்கிறது. கதையைக் கணங்களாக வெட்டிக் காட்ட விரும்புவோர் வெண்பாவை நாடலாம். ஆனால் யாப்பு பழகாத கையால் நீண்ட கதையை வெண்பாவில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளையைக் காக்கும் கவலையில் கதை நின்றுவிடும்.

விருத்தம் நான்கு ஒத்த அடிகளால் ஆனது. அடிக்கு எத்தனை சீர், எவ்வகைச் சீர் என்பதைக் கவியே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், காட்சிக்குக் காட்சி சந்தத்தை மாற்ற முடியும். 13 இலம்பகங்களும் 3145 பாடல்களும் கொண்ட சீவக சிந்தாமணி விருத்தத்தில் பெருங்கதை சொல்ல வழி திறந்தது. கம்பர் அவ்வழியில் சென்று சந்தத்தையே கதையின் நாடித்துடிப்பாக ஆக்கினார்.

சிந்தும் கண்ணியும் மக்கள் வாயில் வழங்கிய வடிவங்கள். பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதி எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறிந்துகொள்ளக்கூடிய சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றை உடைய காவியத்தைச் செய்பவன் மொழிக்குப் புதிய உயிர் தருபவன் என்று எழுதினார். நொண்டிச் சிந்தை அக்காவியத்தில் அவர் பெரிதும் பயன்படுத்தியது அந்த நம்பிக்கையினால்தான்.

யாப்பு மாறினால் கதையே மாறும் என்பதை என் எடுத்துக்காட்டில் பாருங்கள். சிந்தின் சாயலில் தொடங்கினால் இப்படி வரும்:

வெள்ளம் பெருகுதையா – ஓடம்
வேகத்தில் ஆடுதையா!
உள்ளம் பதறுதையா – அவன்
மோதிரம் பாருமையா!

இங்கே சொல்பவர் கேட்பவரை விளித்து, தம் பதற்றத்தை வெளியே கொட்டிவிடுகிறார். கூடியிருக்கும் அவைக்கு இது ஏற்றது. ஆனால் என் படகோட்டி பேசாதவன். அவனுக்கு அகவலின் அடங்கிய ஓட்டமே வேண்டும்.

யாப்பில்லாத புதுக்கவிதையில் எழுதுவோருக்கும் இந்தப் படி உண்டு. அவர்களுக்கு அடி முறியும் இடமே யாப்பு. வாக்கியம் முடியுமுன் அடி முடிந்தால் கேட்பவர் ஒரு கணம் தொங்கி நிற்பார். அந்தத் தொங்கலில் எதை வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

சிலப்பதிகாரம் செய்ததுபோல ஒரே படைப்புக்குள் வடிவத்தை மாற்றவும் செய்யலாம். அகவலில் நகரும் கதை, கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடும்போது கானல்வரியாக மாறுகிறது. அவர்கள் பாடும் பாட்டைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் பிரிவே நேர்கிறது. ஆகவே அங்கே பாட்டுக்கு வேறு உருவம் தேவைப்பட்டது. காரணமின்றி வடிவத்தை மாற்றுவது கேட்பவரை அலைக்கழிப்பதாகவே முடியும்.

ஐந்தாம் படி: சொல்லும் வரிசை

தமிழ் வாக்கியத்தில் பயனிலை இயல்பாக இறுதியில் வரும். யார், எங்கே, எதை என்பவற்றை எல்லாம் கேட்ட பிறகே என்ன நடந்தது என்று தெரியவருகிறது. உரைநடையில் இது பழக்கமாகிப்போய் யாரும் கவனிப்பதில்லை. கதைக்கவிஞருக்கு இது பெரும் செல்வம். வினையைக் கடைசிவரை பிடித்துவைக்கலாம். வேண்டும்போது முன்னே தூக்கிப் போடவும் செய்யலாம்.

இலங்கையிலிருந்து மீண்ட அனுமன் இராமனிடம் சொல்லும் முதல் அடி, ‘கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்’ என்பது. சீதையைக் கண்டேன் என்று இயல்பான வரிசையில் தொடங்கியிருந்தால், ‘சீதையை’ என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் இராமன் நெஞ்சில் எத்தனையோ ஐயம் எழுந்திருக்கும். ‘கண்டனென்’ என்ற வினை முதலில் வந்து அந்த இடைவெளியை இல்லாமற் செய்கிறது. அடுத்து வரும் ‘கற்பினுக்கு அணியை’ இரண்டாவது ஐயத்தையும் போக்குகிறது. காத்திருக்கும் ஒருவனின் நிலையறிந்து அமைத்த சொல்வரிசை இது.

இப்போது படகோட்டியின் பாட்டை அகவலில் தருகிறேன்.

வெள்ளம் பெருகி விரைந்த இரவில்
கரையில் நின்றோன் கைவிளக் கசைத்தான்
அக்கரை சேர்ப்பாய் அண்ணா என்றான்
பக்கம் அமர்ந்தான் படகு நகர்ந்தது
நடுவா றெய்தவும் நனைந்த விரலில்
சுடரொளி பட்டுத் துலங்கிய மோதிரம்
தம்பிக் கன்னை தந்தது கண்டான்
ஒருசொல் லின்றி ஓட்டியோன்
துடுப்பைப் படகினுள் தூக்கிவைத் தனனே.

ஐந்தாம் அடியிலிருந்து வரிசையைக் கவனியுங்கள்: ஆறு, விரல், ஒளி, மோதிரம், பிறகே தம்பி, அதற்கும் பிறகே ‘கண்டான்’. படகோட்டியின் கண் சென்ற வழியிலேயே கேட்பவரின் மனமும் செல்ல வேண்டும் என்பதற்காக இவ்வாறு அமைந்தது. ‘தம்பியின் மோதிரத்தை அவன் விரலில் கண்டான்’ என்று தொடங்கினால், அறிந்துகொள்ளும் கணம் முதற்சொல்லிலேயே செலவாகிவிடும். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீரோடு குறைந்து நிற்பது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். அந்தக் குறைவு இங்கே அவன் பேச்சற்று நிற்கும் இடத்தில் விழுந்திருக்கிறது. இத்தகைய பொருத்தங்களைத் தேடித்தான் அடிகளை மீண்டும் மீண்டும் மாற்றி எழுத வேண்டும்.

ஆறாம் படி: பேச்சும் பொருளும்

மேலே உள்ள பாட்டில் உரையாடல் ஒரே அடிதான். அதிலும் வேலை செய்வது ‘அண்ணா’ என்ற விளி. வந்தவன் மரியாதைக்காகச் சொல்லும் அந்தச் சொல், தம்பி அழைத்த சொல்லும் ஆகும். பாட்டு அதைச் சுட்டிக்காட்டவில்லை. மோதிரம் தெரிந்தபின் கேட்பவர் தாமே திரும்பிப் பார்த்துக்கொள்வார். கதைக்கவிதையில் பேச்சு இவ்வாறு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். செய்தியை மட்டும் தரும் பேச்சை நீக்கிவிடலாம். அச்செய்தியைக் கதைசொல்லியே சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று கண்ணகி தொடங்கும்போது, வழக்கின் முடிவு விளியிலேயே வந்துவிடுகிறது. ஆராயாதவன் என்று அரசனை அழைத்தபின்தான் விளக்கம் தொடர்கிறது.

அதே வழக்குரை காதை ஒரு பொருளைக் கதையின் அச்சாக்குவது எப்படி என்பதையும் கற்றுத்தருகிறது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். கண்ணுக்குத் தெரியாத உட்பரலில் ஒரு நாட்டின் நீதி அடங்கிவிடுகிறது. அவள் உடைக்க, ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’. தீர்ப்பு, சான்று, தண்டனை ஆகிய மூன்றும் ஒரே அடியில். தெறித்த இடம் வாய் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொலைக்கு ஆணையிட்டது அந்த வாய்தான். உங்கள் கதையில் கைக்கு அடக்கமான பொருள் ஒன்று இருந்தால், உணர்ச்சிகளைப் பெயர்சொல்லிக் குறிக்கும் தேவை பெரும்பாலும் குறைந்துவிடும். அப்பொருளைத் தொடக்கத்திலேயே சற்றுக் காட்டிவைப்பதா, தேவையான கணத்தில் முதன்முதலாகக் காட்டுவதா என்பது கதையைப் பொறுத்தது. நெடுங்கதையில் முன்னமே காட்ட வேண்டும். ஒன்பது அடிக் கதைக்கு அது இயலாது.

ஏழாம் படி: திரும்ப வருதல்

எழுதிப் படிக்கும் வழக்கத்துக்கு முன்பே கதைகள் பாடப்பட்டன. முத்துப்பட்டன் கதை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை போன்றவை பாடுவோர் நினைவிலும் கேட்போர் செவியிலும் வாழ்ந்தவை. அவற்றில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் கற்பனைக் குறைவாகக் கருதுவது தவறு. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1930களில் யூகோசுலாவியாவில் வாய்மொழிக் காவியம் பாடுவோரின் பாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். ஓசைக்குப் பொருந்தும்படி ஆயத்தமாக வைத்திருக்கும் தொடர்களைக் கோத்துப் பாடுவதால்தான் அவர்களால் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆயிரக்கணக்கான அடிகளைப் படைக்க முடிகிறது என்பது அவருடைய ஆய்விலும், அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டின் ஆய்விலும் தெளிவாயிற்று.

எழுதும் கவிஞருக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் திரும்ப வரும் தொடர் கேட்பவருக்குத் தரும் பிடிமானம் இன்றும் தேவை. நீண்ட கதையில் ஓர் அடி மூன்று முறை வருமானால், மூன்றாம் முறை அதன் பொருள் மாறியிருக்க வேண்டும். அடி மாறாமல் சூழல் மாறலாம், அல்லது ஒரே ஒரு சொல் மட்டும் மாறலாம். இரண்டும் மாறாவிட்டால் அது நிரப்புதலாகவே ஒலிக்கும்.

எட்டாம் படி: நிறுத்துதல்

பாஞ்சாலி சபதம் சபதத்தோடு நின்றுவிடுகிறது. குருட்சேத்திரம் வரவில்லை, அவள் கூந்தலை முடியவில்லை. வானம் உறுமுகிறது, பூமி அதிர்கிறது, ‘நாமும் கதையை முடித்தோம்’ என்று பாரதி விடைபெறுகிறார். சொல்லின் வலிமையை நம்பியவர் மட்டுமே இப்படி நிறுத்த முடியும். நிறைவேறிய சபதத்தைக் காட்டியிருந்தால், அந்தக் கணத்தில் அவள் சொல்லுக்கு இருந்த எடை நிறைவேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

முடிவை எழுதும்போது செயலிலோ பேச்சிலோ நிறுத்துங்கள். கதை உணர்த்திய நீதியைக் கடைசி அடியில் எடுத்துரைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை எழுதிக்கூடப் பார்த்துவிட்டு, பின் அடித்துவிடலாம். என் பாட்டில் படகோட்டி துடுப்பை உள்ளே வைக்கிறான். அவன் பழிவாங்கப் போகிறானா, கேள்வி கேட்கப் போகிறானா, கைகள் ஓய்ந்துபோனானா என்பது எனக்குத் தெரியும். அதைப் பத்தாவது அடியாக எழுதினால் மற்ற இரண்டும் இறந்துவிடும்.

ஒன்பதாம் படி: வாய்விட்டுப் படித்துத் திருத்துதல்

எழுதி முடித்ததை ஒருமுறை ஓசைக்காக மட்டும் படியுங்கள். பொருளைப் பற்றி எண்ண வேண்டாம். எதுகைக்காக மட்டும் வந்த அடைமொழிகள் அப்போது தாமே காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆங்கே’, ‘மாதோ’, ‘அன்றோ’ போன்ற நிரப்புச்சொற்கள் மிகுந்திருந்தால் அந்த அடியைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுவதே நல்லது. ஒட்டுப்போட்ட அடி ஒருபோதும் நிமிர்வதில்லை.

பிறகு கதைக்காக மட்டும் படியுங்கள். இம்முறை வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது மேலும் பயன் தரும். யார் பேசுகிறார் என்று ஓரிடத்திலேனும் அவர் தயங்கினால் அங்கே ‘என்றான்’, ‘என்றாள்’ சேருங்கள். தயங்காத இடங்களில் உள்ளவற்றை எடுத்துவிடுங்கள். காலம் தாவும் இடங்களில் அவர் பின்னே திரும்பிப் பார்த்தால், தாவலின் இந்தப் பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் வையுங்கள்: பகல் இரவானது, விளக்கு ஏற்றப்பட்டது, மழை விட்டது என்பதுபோல ஒரு சொல் போதும்.

கடைசியாக, இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய அடிக்கணக்குத் தாளை எடுத்து, முடிந்த பாட்டின் உண்மையான அடிக்கணக்கோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு காட்சி திட்டமிட்டதைவிட மிகவும் நீண்டிருந்தால் உடனே வெட்டிவிட வேண்டாம். நீங்கள் அறியாமலே கதையின் முனை அங்கே நகர்ந்திருக்கலாம். அப்படி நகர்ந்திருந்தால் பழைய முனையைச் சுற்றி எழுதிய அடிகளையே குறைத்து, அதற்கேற்ப முதலடியைப் புதிதாக எழுதுங்கள்.